விருந்தினர்க்கும் ஓர் அறம் உண்டு

விருந்தோம்புவார்க்கு உரிய அறத்தை நம் முன்னோர் நிறையவே சொல்லி வைத்துள்ளனர். வந்தவரை முகமலர்ந்து வரவேற்க வேண்டும். அவர் உண்ட பின்னரே தாம் உண்ண வேண்டும். தங்க இடம் தந்து, நல்லன கூறி வழியனுப்ப வேண்டும். இவை யாவும் இல்லத்தார்க்கு உரிய கடமைகள். ஆனால் விருந்தாகச் செல்பவர்க்கு உரிய கடமை யாது? அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டிய தேவையும் அக்காலத்தில் எழவில்லை. ஊருக்கு ஒருவர் இருவர் விருந்தாக வந்த காலம் அது. இன்றோ, ஊரில் வாழ்வோரைவிட வந்து செல்வோர் பல மடங்கு மிகுந்த நகரங்கள் உலகில் இருக்கின்றன. அங்கே செல்பவர்களில் நம் குடும்பத்துப் பிள்ளைகளும் உளர். ஆதலின் இவ்வினாவை நாம் தள்ளிவிட இயலாது.

இதைப் பற்றிச் சிந்திக்கும்படி என்னைத் தூண்டியது ஒரு கடிதம். என்னிடம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி, கணவரோடும் இரு குழந்தைகளோடும் ஜெர்மனியில் வாழ்கிறாள். ஊரிலிருந்து சென்ற மாமியாரும் உடன் இருந்தார். டிசம்பர் விடுமுறையில் இத்தாலியின் வெனிஸ் நகருக்கு நான்கு நாள் சென்று வர விரும்பினர். எங்கே தங்குவது என்பதில் குடும்பத்தில் வாதம் எழுந்தது. கால்வாய்க் கரையில் பழைய மாளிகை ஒன்றை விடுதியாக்கி இருக்கிறார்கள், அங்கே ஓரிரவேனும் தங்க வேண்டும் என்றார் கணவர். செலவு மிகும், பாலத்துக்கு அப்பால் நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்கி இரயிலில் சென்று வரலாம் என்றாள் இவள். மாமியார் இரவுண்ணாமை காப்பவர். கிழங்கு வகை உண்ணாதவர். அவருக்காகச் சமையலறையோடு கூடிய வீடு ஒன்றை முழுமையாக வாடகைக்கு எடுப்பதே நல்லது என்ற யோசனையும் வந்தது. ஆனால் அவ்வாறு வீடுகள் விடப்படுவதால் உள்ளூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். "டீச்சர், இதில் பாவம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டிருந்தாள்.

நான் சிறிதும் தயங்காமல் மறுமொழி எழுதினேன். விரதம் காக்கப்பட வேண்டும். பெரியவர் பட்டினி கிடத்தல் ஆகாது. சமையலறை உள்ள வீட்டையே எடுத்துக்கொள் என்றேன். அவர்களும் அவ்வாறே செய்தனர். திரும்பி வந்தபின் அவள் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. அவர்கள் தங்கிய கட்டடத்தின் வாயிலில் ஆறு அழைப்புமணிகள் இருந்தனவாம். அவற்றுள் ஒன்றில் மட்டுமே ஒரு குடும்பத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. மற்ற ஐந்திலும் வெறும் எண்கள். பெயர் இருந்த வீட்டில் ஒரு மூதாட்டி தனித்து வாழ்ந்தார். பெட்டிகளின் சக்கர ஓசை கேட்டுக் கதவைத் திறந்து பார்த்தவர், சற்று நேரம் பேசாமல் நின்று, பிறகு கதவைச் சாத்திக்கொண்டாராம். "இந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் அம்மா?" என்று இளைய பிள்ளை கேட்டானாம். அவளுக்கு விடை தெரியவில்லை. எனக்கும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒரு விரதத்தைக் காக்கச் சொன்ன நான், அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஊரே இடம் வகுத்த காலம்

வெனிஸ் நகரம் விருந்தினரைப் பல நூற்றாண்டுகளாக அறிந்த நகரம். வணிகத்தால் வளர்ந்த அந்நகருக்கு வந்த அயலார் தாம் விரும்பிய இடத்தில் தங்க இயலாது. ஜெர்மானிய வணிகர்க்கென்று 13-ஆம் நூற்றாண்டிலேயே ரியால்டோ பாலத்தருகே ஒரு பெருங்கட்டடம் இருந்தது. அவர்கள் அங்கேதான் தங்க வேண்டும். தம் சரக்குகளை அங்கேதான் வைத்து, அரசு அலுவலர் கண்காணிப்பில் விற்க வேண்டும். 1505-இல் அது தீக்கிரையானபோது குடியரசு அதை மீண்டும் எழுப்பி, 1508-இல் முடித்தது. துருக்கிய வணிகர்க்கும் 1621 முதல் பெருங்கால்வாய்க் கரையில் தனி மாளிகை ஒதுக்கப்பட்டது. இத்தகைய இடங்களை அவர்கள் 'ஃபோந்தாகோ' என்றனர். பயணியர் தங்குமிடத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இவ்வேற்பாட்டில் அயலாரை ஐயுறும் மனமும் வரி தண்டும் நோக்கமும் இருந்தன. அதை நான் புகழவில்லை. எனினும் அதில் ஓர் உண்மை அடங்கியிருந்தது. வருபவர் எங்கே தங்குகிறார் என்பது அவருடைய விருப்பம் மட்டும் சார்ந்ததன்று, ஊரின் வாழ்வோடும் தொடர்புடையது என்பதே அவ்வுண்மை. ஜெர்மானிய வணிகரின் அந்தக் கட்டடம் பின்னர் அஞ்சல் நிலையமாக இருந்தது. 2016-இல் உயர்விலைப் பொருள்கள் விற்கும் மாளிகையாகத் திறக்கப்பட்டது. 2025-இல் அதுவும் மூடப்பட்டது. ஒரே கட்டடத்தின் கதையில் ஊரின் கதையே அடங்கி இருக்கிறது. முதலில் வணிகர்க்கு இடம் தந்தது. அடுத்து ஊர் மக்களின் கடிதங்களைச் சுமந்தது. இறுதியில் வழிப்போக்கரின் பணப்பையை மட்டும் எதிர்பார்த்து நின்றது.

மருந்துக்கடையின் எண்

ரியால்டோ பாலத்துக்கு அருகில், சான் பார்த்தலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை உண்டு. அதன் கண்ணாடிச் சன்னலில் 2008 முதல் ஓர் எண் ஒளிர்ந்து வந்திருக்கிறது. வெனிஸின் பழைய நகரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண் அது. உள்ளூர் மக்கள் சிலர் கூடி வைத்த ஏற்பாடு. வைத்தபோது ஏறத்தாழ 60,000 என்று காட்டியது. 2022 ஆகஸ்டில் 50,000-க்கும் கீழே இறங்கியது. 1951-இல் அந்நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால், எழுபது ஆண்டுகளில் பத்தில் ஏழு பேர் இல்லாமல் போயினர் என்பது விளங்கும். 2023-இல் இன்னொரு சன்னலில் இன்னோர் எண் தோன்றியது. சாந்தா மார்கெரிதா சதுக்கத்துப் புத்தகக்கடை ஒன்றில், சுற்றுலாப் பயணியர்க்கான படுக்கைகள் எத்தனை என்று காட்டத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே படுக்கைகளின் எண்ணிக்கை குடிமக்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. ஊராரைவிட விருந்தினர்க்கே ஊரில் அதிக இடம் என்பது இதன் பொருள்.

இவ்விடத்தில் நேர்மை தவறாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். இக்குறைவு முழுவதும் சுற்றுலாவால் நேர்ந்ததன்று. 1966 நவம்பர் 4 அன்று கடல்நீர் 194 செ.மீ. உயரம் ஏறி நகரை மூழ்கடித்தது. தரைத்தளங்களில் வாழ்ந்த பலர் அதன்பின் திரும்பவில்லை. நிலப்பகுதியில் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே புதிய வீடுகள் மலிவாகக் கிடைத்தன. வண்டி வாயிலில் வந்து நின்றது. படியும் பாலமும் ஏறி இறங்கிக் களைத்தவர்கள் அங்கே சென்றனர். எல்லாப் பழியையும் பயணியின் தலையில் சுமத்துவது எளிது, ஆயினும் அது மெய்யன்று. ஆனால் முன்னர்ச் சென்றவர்கள் விரும்பிச் சென்றவர்கள். இன்று செல்பவர்களில் பலர் இருக்க விரும்பியும் இடம் கிடைக்காமல் செல்கிறார்கள். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

ஆளில்லா வீடு

வீட்டை நாள் வாடகைக்கு விடும் வழக்கம் எவ்வாறு பெருகியது? அதன் தொடக்கம் எளிமையானது, இனிமையானதும் கூட. 2007-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இரண்டு இளைஞர்கள் தம் வீட்டு வாடகையைக் கட்ட இயலாமல் தவித்தனர். அப்போது அங்கே ஒரு மாநாடு நடந்தது. விடுதிகள் நிரம்பி இருந்தன. அவர்கள் தம் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளை விரித்து, மூன்று விருந்தினரைத் தங்க வைத்துக் காலை உணவும் தந்தனர். ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம் அவ்வாறு பிறந்தது. அங்கே வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தார். விருந்தினர் வந்ததால் எவரும் வெளியேறவில்லை. மாறாக, வீட்டுக்காரரின் குடியிருப்பு நிலைத்தது.

ஆனால் நாளடைவில் அவ்வழி திசை மாறியது. வீட்டுக்காரர் இல்லாத வீடு, முழு வீடு, ஒருவருக்கே பல வீடுகள் என்று அது வளர்ந்தது. ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். எண்களை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்க. ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு விட்டால் மாதம் 1,000 யூரோ வாடகை வரும் எனக் கொள்வோம். அதே வீட்டைப் பயணியர்க்கு ஓரிரவுக்கு 150 யூரோ வீதம் விட்டால், ஏழே இரவுகளில் அத்தொகை வந்துவிடும். எஞ்சிய இரவுகள் யாவும் மிகுவருவாய். மேலும், இத்தாலியில் குடும்பத்துக்கு வீடு விடும் வழக்கமான ஒப்பந்தம் நான்காண்டுக்கு உரியது; அதன்மேல் இன்னும் நான்காண்டு நீளக் கூடியது. குடியிருப்பவரைக் காக்கவே அச்சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் காக்கும் சட்டமே, பயணியர்க்கு விட்டால் இத்தொல்லை இல்லையே என்று வீட்டுக்காரரை எண்ண வைத்தது. இங்கே பெருங்கொடியவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு இலாபமானதைச் செய்தனர். எல்லாரும் செய்ததன் விளைவு, ஆறு மணிகளில் ஒரே ஒரு பெயர்.

வெனிஸ் மட்டும் இதற்கு விலக்கன்று. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் பத்தாண்டுகளில் வாடகை 68 விழுக்காடு உயர்ந்தது என்று அந்நகரின் மேயர் 2024 ஜூனில் கூறினார். அங்கே உரிமம் பெற்ற 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். அடுத்த மாதமே அங்கு ஊர்வலம் சென்றவர்கள் சிலர், உணவகங்களின் முன் அமர்ந்திருந்த பயணியர்மீது விளையாட்டு நீர்த்துப்பாக்கியால் நீர் தெளித்தனர். ஆம்ஸ்டர்டாம் நகரில் தம் வீட்டை ஆண்டுக்கு 30 இரவுகளுக்குமேல் விடலாகாது என்று 2019 முதல் விதித்தனர். பாரிஸில் ஒருவர் தாம் வாழும் வீட்டை ஆண்டுக்கு 120 நாள் விடலாம் என்றிருந்ததை 2025 முதல் 90 நாளாகக் குறைத்தனர். ஃபுளோரன்ஸ் நகரம் தன் பழம்பகுதியில் புதிதாக வீடுகளை நாள் வாடகைக்கு மாற்றுவதற்கு 2023-இல் தடை விதித்தது. நீரைத் தெளித்தவர்களின் செயலை நான் ஏற்கவில்லை. வழிப்போக்கரை அவமதிப்பதால் வீடு கிடைக்காது. ஆனால் அவர்கள் கோபத்தின் பின்னால் உண்மையான துயரம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

'உள்ளூரார் போல் வாழுங்கள்'

நாகரிகப் பயணம் என்று இக்காலத்தில் எதைச் சொல்கிறார்கள்? பெரிய விடுதிகளில் தங்குவது பழைய பாணி. ஊராரின் தெருவில், ஊராரின் வீட்டில், ஊரார் போலவே சில நாள் வாழ்வதே சுவையுள்ளோர் செயல் என்கிறார்கள். படங்களில் காண்கிறோம்: வெண்ணிற விரிப்பு, மரத் தூலங்கள், சன்னலுக்கு வெளியே கால்வாய், மேசைமேல் பழத்தட்டு. பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் உள்ளூரார் போல் வாழ்வதற்கு வருபவர் கூடக்கூட, உள்ளூரார் குறைகிறார்கள். அவர்களோடு ரொட்டிக்கடையும் காய்கறிக்கடையும் போகின்றன; அவ்விடங்களில் முகமூடியும் கண்ணாடிப் பொம்மையும் விற்கும் கடைகள் வருகின்றன. பள்ளியில் வகுப்புகள் குறைகின்றன. வாழ்நாளெல்லாம் பள்ளியில் கழித்தவள் நான். ஒரு தெருவில் குழந்தைகளின் குரல் நின்று போவதன் பொருள் எனக்குத் தெரியும். எதைக் காணச் செல்கிறோமோ, அதையே நம் செல்கை அழிக்குமாயின், அது எத்தகைய காட்சி?

'என் ஒருவரால் என்ன?'

இவ்விடத்தில் ஒரு தடை எழும். "நான் ஒருவன் தங்காவிட்டால் அவ்வீட்டில் குடும்பம் குடியேறிவிடுமா? இன்னொருவர் வந்து தங்குவார். ஆகவே என் செயலால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை." இது நல்ல அறிவுள்ளவர்களும் சொல்லும் வாதம். இதை எளிதில் தள்ளிவிடலாகாது. ஏனெனில் அதில் கூறப்படும் செய்தி பெரும்பாலும் உண்மை. ஒரு முன்பதிவால் ஒரு குடும்பம் வெளியேறுவதில்லை.

ஆயினும் முடிவு தவறு. பல துளி சேர்ந்து வெள்ளமாயிற்று என்றால், எந்தத் துளியும் வெள்ளத்துக்குக் காரணமன்று என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? தீவினையைச் செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என மூன்றாகப் பிரித்துக் காட்டியது நம் சமயம். இப்பகுப்பின் அருமையை இத்தகைய இடத்தில்தான் உணர்கிறோம். குடும்பத்தை வெளியேற்றியவர் வீட்டுக்காரர், அது செய்தல். வெளியேற்றினால் பணம் உண்டு என்று காட்டியது நம் கட்டணம். அது செய்வித்தலுக்கு அண்மையது. இவை இரண்டையும் அறிந்தும் அறியாதார் போல் படுத்துறங்குவது உடன்படுதல். மூன்றும் ஒரே அளவு கனமுடையன என்று நான் கூறவில்லை. ஆனால் மூன்றாவது, கனமே இல்லாதது அன்று. அறியாமல் தங்கிய என் மாணவியின் மேல் குற்றம் சிறிது. தெரிந்துகொள்ள முயலாமல் அறிவுரை கூறிய என்மேல் குற்றம் மிகுதி.

மறுபக்கம்

மறுபக்கத்தையும் கேட்போம். தம் உடன்பிறந்தாள் இறந்தபின் அவள் வீட்டை நாள் வாடகைக்கு விட்டு, அவ்வருவாயால் தம் சொந்த வீட்டின் கூரையைப் பழுதுபார்த்து, ஊரைவிட்டுப் போகாமல் வாழும் முதியவர்கள் இருக்கலாம். உப்புக்காற்றில் கரையும் பழைய சுவர்களைக் காப்பது பெருஞ்செலவு. அவர்களையும், முப்பது வீடுகளை வளைத்துப்போட்டு நடத்தும் நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியன்று. தங்காமல் போகும் பயணியும் நல்லவர் ஆகிவிடுவதில்லை. காலையில் வந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் பாலங்களில் நெருக்கி, மாலையில் திரும்புவோர் ஊருக்குத் தருவது குறைவு, தரும் சுமை மிகுதி. 2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் நகரம், குறிப்பிட்ட சில நாள்களில் பகல் மட்டும் வந்து செல்வோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. 2025-இல் நாள்களின் எண்ணிக்கை 29-லிருந்து 54 ஆயிற்று. கடைசி நேரத்தில் பதிவு செய்வோர்க்கு 10 யூரோ. ஊரில் இரவு தங்குவோர் தனியே தங்கல் வரி செலுத்துவதால் அவர்களுக்கு இக்கட்டணம் இல்லை. இரவு தங்குபவரை அந்நகரமே முற்றிலும் வெறுக்கவில்லை என்பது இதனால் தெரிகிறது.

அப்படியாயின் போகாமலே இருந்துவிடலாமா? செல்லும் திசைக்கும் தொலைவுக்கும் எல்லை வகுத்துக்கொள்ளும் விரதம் இல்லறத்தார்க்கு உண்டு. அதன் உட்கருத்து, நம் கால் படும் இடமெல்லாம் நம்மால் ஊறு நேரக்கூடும் என்பதே. போகாமல் இருப்பவர்க்கு என் வணக்கம். ஆனால் பிற நாட்டையும் பிற மக்களையும் காண்பதால் பிள்ளைகளின் மனம் விரிவடைகிறது என்பதும் உண்மை. நம்மவர் எல்லாரும் வீட்டிலேயே இருங்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. பத்து நகரங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, ஒரு நகரில் சில நாள் அமைதியாகத் தங்குவது நன்று என்று மட்டும் சொல்வேன். மிகுபொருள் விரும்பாமை பயணத்துக்கும் பொருந்தும்.

சமையலறை வேண்டுவோர்

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். விடுதியில் தங்கு என்று சொல்வது எளிது. வெனிஸில் டிசம்பரில் மாலை நாலரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான். அங்குள்ள உணவகங்கள் இரவு உணவுக்கு ஏழு மணியை ஒட்டியே திறக்கின்றன. கடலுணவு மிகுந்த ஊர்; வெங்காயம் சேராத கூட்டு அரிது. இரவுண்ணாமை காக்கும் முதியவர் என்ன செய்வார்? எனவே சமையலறை வேண்டும் என்பது ஆடம்பரத் தேவையன்று, உண்மையான தேவை. இதை எண்ணியே நான் முன்னர் அவ்வாறு எழுதினேன். உயிர்க்கு ஊறு செய்யாமைக்காகவே அந்த உணவு விரதம். அதைக் காக்கும் முயற்சியில் வேறோர் உயிரின் வாழ்விடத்தைப் பறிக்கத் துணையாகலாமா? இரண்டு அறங்கள் முட்டிக்கொண்டபோது நான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

பின்னர் விசாரித்து அறிந்தவற்றைக் கூறுகிறேன். முழு வீட்டை எடுக்காமலே சமைக்கும் வழிகள் உள்ளன. வீட்டுக்காரர் தாமே குடியிருந்து, ஓர் அறையை மட்டும் விடும் வீடுகள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் அடுப்பைப் பயன்படுத்த இசைகிறார்கள். இளைஞர்க்கான எளிய விடுதிகள் பலவற்றில் பொதுச் சமையலறை இருக்கிறது; குடும்பத்துக்குத் தனியறையும் கிடைப்பதுண்டு. தங்கும் விடுதியாகவே கட்டப்பட்டு, அறைக்குள் சிறு அடுப்பும் வைத்த இடங்களும் உண்டு. நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் இவை மலிவாகவே கிடைக்கும். அங்கிருந்து இரயிலில் பத்து மணித்துளியில் வெனிஸை அடையலாம். கன்னியர் மடங்களும் திருச்சபைகளும் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் வெனிஸிலேயே இருக்கின்றன. வால்தேன்சியத் திருச்சபையின் இல்லம் ஒரு பழைய மாளிகையிலேயே இயங்குகிறது. மாளிகையில் தங்கும் ஆசை உடையவரும் அங்கே எளிமையாகத் தங்கலாம்.

காலத்தையும் நாம் தேர்ந்துகொள்ளலாம். ஜூன் மாதத்தில் அங்கே கதிரவன் மறைய இரவு ஒன்பது மணியாகிறது. ஏழு மணிக்கு உணவகம் திறந்தாலும் ஒளி இருக்கும்போதே உண்டு முடிக்கலாம். கூட்டமும் வெயிலும் மிகும் என்பது அதற்குரிய விலை. ரியால்டோவின் காய்கறிச் சந்தைக்கு அருகிலுள்ள சாந்த் எராஸ்மோ தீவின் தோட்டங்களிலிருந்தும் காய்கள் வருகின்றன. பழம், ரொட்டி, தக்காளி, வேகவைத்த சோளமாவுக் களி ஆகியவற்றைக் கொண்டு நான்கு நாள் கழிப்பது இயலாத செயலன்று. இவ்வாறு அமையாதபோது, பெரியவரின் உடல்நிலை இடம் தராதபோது, முழு வீட்டை எடுப்பவரை நான் பழிக்க மாட்டேன். வேறு வழி தேடிப் பார்த்தபின் எடுத்தலும், தேடாமலே எடுத்தலும் ஒன்றல்ல.

கேட்க வேண்டிய வினாக்கள்

பணம் செலுத்துமுன் நான்கு வினாக்களை நாம் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, அந்த வீட்டில் எவரேனும் வாழ்கிறாரா? வாழ்கிறார் எனின் நாம் அவர்க்கு விருந்தினர். இல்லையெனின், அங்கே வாழ்ந்திருக்கக்கூடியவர் இடத்தில் நாம் இருக்கிறோம்.

இரண்டாவது, அவ்விடம் முறைப்படி பதிவு பெற்றதா? இத்தாலியில் 2025 சனவரி முதல் நாள் வாடகை வீடு ஒவ்வொன்றும் தேசிய அடையாள எண் பெற்று, அதை விளம்பரத்திலும் வாயிலிலும் காட்ட வேண்டும். எண் இல்லாத வீட்டில் தங்குதல், வரி செலுத்தாதவர்க்குத் துணை போதல்.

மூன்றாவது, அவ்வீட்டுக்காரர்க்கு எத்தனை வீடுகள்? விளம்பரங்களில் ஒரே பெயரில் இருபது வீடுகள் காணப்படின், அங்கே விருந்தோம்பல் இல்லை. வணிகம் மட்டுமே உண்டு. வணிகம் குற்றமன்று. ஆனால் அவ்வணிகத்தின் சரக்கு, பிறர் குடியிருக்க வேண்டிய வீடு.

நான்காவது, நாம் தங்குவதால் அண்டை வீட்டார்க்குத் தொல்லை நேருமா? சக்கரப் பெட்டியைத் தூக்கிச் செல்லல், இரவில் மாடிப்படியில் மெல்லப் பேசுதல், குப்பையை உரிய நாளில் உரிய இடத்தில் சேர்த்தல், எதிர்ப்பட்டவர்க்கு அவர்தம் மொழியில் ஒரு வணக்கம் கூறுதல் ஆகியவை சிறு செயல்கள். ஆனால் தனித்து வாழும் ஒரு மூதாட்டிக்கு இவை சிறியவை அல்ல.

சட்டம் வகுப்பது நகராட்சியின் கடமை அன்றோ, பயணியின் மேல் ஏன் இத்தனை சுமை என்று கேட்கலாம். சட்டம் வேண்டும், அது வந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் சட்டம் வரும்வரை அறம் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் தடுக்கும் தீமையிலிருந்து விலகுபவர் குடிமகன். சட்டம் இன்னும் காணாத தீமையிலிருந்தும் விலகுபவரே அறவோர்.

என் மாணவிக்கு இரண்டாம் முறை எழுதினேன். முன்னர்க் கூறிய அறிவுரை தவறு என்று ஒப்புக்கொண்டேன். மாமியாரிடமும் அச்செய்தியைச் சொல்லும்படி வேண்டினேன். அவர் விரதத்தில் குறை ஏதுமில்லை; குறை என் மறதியிலேதான். பிள்ளையின் வினாவுக்கு விடையும் எழுதினேன்: "அந்த வீட்டில் இருந்தவர்கள் பாலத்துக்கு அப்பால் போய்விட்டார்கள், கண்ணா. அடுத்த முறை நாம் வேறு விதமாகத் தங்குவோம்."

அன்பர்களே, உங்கள் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இத்தகைய நகரங்களுக்குச் செல்வர். செல்லட்டும், கண்டு மகிழட்டும். வாயிலில் நிற்கும்போது அழைப்புமணிப் பலகையை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெயர் உள்ள மணியை அழுத்தி, கதவைத் திறப்பவரைப் பார்த்து வணங்கி, அவர் காட்டும் அறையில் தங்கும் பேறு வாய்க்குமாயின், அதுவே நல்ல தங்கல். கொடுப்பவர்க்கு மட்டுமன்றிப் பெறுபவர்க்கும் அறம் உண்டு என்பதை அவர்கள் அறிந்து நடப்பாராக.